முழிச்சாத்தா கொடுத்த வெள்ளைப்பூ

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் ரோட்டில், காரமடையைத் தாண்டினால், வெள்ளிக்கிழமைகளில் வண்டிகள் நத்தையாக ஊரும். விபத்து ஏதும் நடந்திருக்காது. விபத்தைத் தடுக்கிற சாமியார் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். அவரைப் பார்க்க வந்த வேனும் லாரியும் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வருகிறவர்கள் திடீரென்று பிரேக் போட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். இடித்துக்கொண்டதற்கும் சாமியிடமே போய்ப் பரிகாரம் கேட்பார்கள்.

சாமியின் பெயர் நித்திரை வென்ற சாமிகள். ஒரு மாமாங்கமாகத் தூங்கவே இல்லையாம். ரோட்டோரத்து பிளக்ஸில் அவர் கண் ஒவ்வொன்றும் லாரி ஹெட்லைட் அளவுக்கு இருக்கும். பூர்வாசிரமத்தில் அவர் கனகரத்தினம். காந்திபுரத்தில் ஒரு குடையை விரித்துக்கொண்டு மொபைல் போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஒட்டினது சரியில்லை என்றால் வாடிக்கையாளர் அங்கேயே நின்று சண்டை போடுவார். பக்தர் சண்டை போட மாட்டார். ஒட்டாமல் போனதற்குத் தன் பாவம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் காணிக்கை வைப்பார். இந்த வித்தியாசம் புரிந்த நாளில் கனகரத்தினம் காவி கட்டினார்.

அவர் கொண்டுவந்த சரக்குக்குப் பெயர் முழிச்சாத்தா. ஆத்தாள் கோயிலில் இல்லை, போனுக்குள் ஒரு ஆப்பாக இருக்கிறாள். மஞ்சள் கயிறு கட்டிய ஹோல்டரில் போனை நிறுத்தி, டிரைவர் முகத்துக்கு நேராக வைத்து, பட்டனை அழுத்தினால் போதும். மணிச் சத்தம் கேட்கும். திரையில் பெரிய கண் ஒன்று திறக்கும். டிரைவரை ஏற இறங்கப் பார்க்கும். பிறகு ஒரு பூ விழும்.

நம் கொங்குச் சீமையில் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும் சாமி முன்னால் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. அந்த வழக்கத்தைத்தான் கனகரத்தினம் போனுக்குள் போட்டார். வெள்ளைப்பூ விழுந்தால் டிரைவருக்குத் தூக்கம் இல்லை, வண்டியை எடுக்கலாம். சிவப்புப் பூ விழுந்தால் தூக்கம் இருக்கிறது, ஓரம் கட்டு. பொட்டலம் பிரிக்கிற வேலைகூட மிச்சம்.

ஆரம்பத்தில் ஆத்தாள் நியாயமாகத்தான் இருந்தாள். எப்போதாவது சிவப்பும் விழும். அதுதான் வினையாகப் போயிற்று. வண்டி முதலாளிகள் கொதித்துப்போய் வந்தார்கள். சிவப்புப் பூ விழுந்ததால் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து கிளம்ப வேண்டிய கேரட் அங்கேயே வாடிப்போனது என்றார் ஒருவர். கோழி லாரி நின்று வெயிலில் பாதிக் கோழி செத்துப்போனது என்றார் இன்னொருவர். சாமி கண்ணை மூடி யோசித்தார். ஆத்தாள் கோபமாக இருக்கிறாள், சாந்தி பூஜை செய்தால் குளிர்ந்துவிடுவாள் என்றார். பூஜைக்குப் போனைச் சாமியிடம் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வந்த போனில் அதற்குப் பிறகு சிவப்பே விழவில்லை. காலையில் வெள்ளை, மத்தியானம் வெள்ளை, மூன்று ஷிப்டு ஓட்டினாலும் வெள்ளை. என்னே மகிமை என்று முதலாளிகள் உருகினார்கள். ஒரே பூஜையில் ஊரிலுள்ள டிரைவர்களுக்கெல்லாம் தூக்கமே இல்லாமல் போய்விட்டதே.

நடுவில் சில வண்டிகள் மரத்தில் மோதின, சில பள்ளத்தில் இறங்கின. அதற்கெல்லாம் சாமியிடம் பதில் இருந்தது. போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. டிரைவர் வெள்ளிக்கிழமை கறி தின்றிருந்தான். ஹோல்டர் தெற்கே பார்த்திருந்தது. வடக்கே போகிற வண்டியில் டிரைவரைப் பார்க்கிற ஹோல்டர் வேறு எந்தப் பக்கம் பார்க்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடுமே.

அப்படிப்பட்ட பக்தர்களில் ஒருவர் லட்சுமணசாமி. தாத்தா காலத்தில் பருத்திக் காடு, அப்பா காலத்தில் ஸ்பின்னிங் மில், இவர் காலத்தில் டிராவல்ஸ். சரவணம்பட்டியில் ஐடி கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குவது இவருடைய வேன்கள்தான். வீடு வாசல் என்று வசதியாக இருக்கும் மனிதர், நல்லவரும்கூட. யாராவது சாப்பிடாமல் வந்தால் சாப்பிட வைக்காமல் அனுப்ப மாட்டார். தூங்காமல் வந்தால் மட்டும் அவருக்குக் கண் தெரியாது.

நிஜமாகவே டிரைவர் தூங்குவதைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று இருக்கிறது. ஒரு கம்பெனிக்காரர் அதைக் கொண்டுவந்து அவரிடம் காட்டினார். போன் கேமரா இமையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இமை கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் மூடினால் கத்தும். கத்தினதும் என்ன செய்வது என்று லட்சுமணசாமி கேட்டார். வண்டியை நிறுத்தி டிரைவருக்கு ரெஸ்ட் கொடுக்க வேண்டும் என்றார் கம்பெனிக்காரர்.

"ரெஸ்ட்டு குடுக்கறதுக்கு மெசினு எதுக்குங்க?" என்று கேட்டு அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார் லட்சுமணசாமி. அடுத்த வெள்ளிக்கிழமை முழிச்சாத்தாளை எல்லா வேனிலும் பிரதிஷ்டை செய்தார்.

அவரிடம் வேலை செய்யும் ஆஸிம் கோட்டைமேட்டுக்காரர். டிரைவர்களிலேயே கெட்டிக்காரர். ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றினாலும் பின்சீட்டில் இருப்பவரின் டீ சிந்தாது. அவரிடம் ஒரே ஒரு குறைதான். எல்லாரையும் போல அவருக்கும் தூக்கம் வரும். ஹோல்டரில் மஞ்சள் கயிறு கட்ட வந்த அன்றைக்கு, நான் வேற மதமுங்களே என்று அவர் தயங்கினார். அதற்குச் சாமியின் பிரதம சீடர், ஆத்தாளுக்குச் சாதி மதம் கிடையாது, ஆண்ட்ராய்டு இருந்தால் போதும் என்று தைரியம் சொன்னார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

லட்சுமணசாமியின் மகள் ஹாரிகாவைக் கோத்தகிரியில் கட்டிக் கொடுத்திருந்தது. ஏழாம் மாசம். அம்மா வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய், வளையல் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். வேன் நிறையப் பெண்கள். மடியில் புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு, தாம்பாளம் தாம்பாளமாக வளையல். ஓட்டுவது ஆஸிம். அவர் முதல் நாள் ராத்திரி ஷிப்டு ஓட்டி, அதற்கு முந்தின ராத்திரியும் ஓட்டி, நடுப்பகலில் ஒரு கல்லூரி டூரையும் ஓட்டி முடித்துவிட்டு நேராக இந்த வண்டியில் ஏறியிருந்தார்.

கிளம்பும்போதே அவர் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். கண் சொக்குகிறது, மலைப்பாதை, வேறு ஆளை அனுப்புங்கள் என்றார். லட்சுமணசாமி கோபப்படவில்லை. ஹோல்டரில் இருந்த போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பட்டனை அழுத்தினார். மணி அடித்தது, கண் திறந்தது, வெள்ளைப்பூ விழுந்தது.

"பாரு ஆஸிமு, ஆத்தாளே தூக்கமில்லைன்னு சொல்லிப்போட்டா. உனக்குத் தூக்கம் வருதா இல்லையான்னு ஆத்தாளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

நம் கண்ணில் எரிச்சல் இருக்கிறதா என்று நம்மைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தால், நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆஸிம் வண்டியைக் கிளப்பினார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ராமாமணி. லட்சுமணசாமியின் மனைவி. அதிகம் பேச மாட்டார். பேச ஆரம்பித்தால் தமிழில் தொடங்கி, கோபம் ஏற ஏற வீட்டு மொழியான தெலுங்குக்கு மாறிவிடுவார். தெலுங்கு வந்தால் லட்சுமணசாமி வெளியே நழுவச் செருப்பைத் தேடுவார். பெரியநாயக்கன்பாளையம் வரும்போது ராமாமணி கண்ணாடியில் ஆஸிமின் முகத்தைப் பார்த்தார். காது மடலைக் கிள்ளிக்கொள்கிறார். பச்சை மிளகாயைக் கடிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மிளகாயை வாயில் வைத்துக்கொண்டே கண் செருகுகிறார். ராமாமணி மடியிலிருந்த புளிச்சோற்றுத் தூக்குவாளியைக் கீழே இறக்கி வைத்தார்.

என்ன ஆஸிம், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எப்போது தூங்கினாய் என்று கேட்டார். ஆஸிம் உள்ளதைச் சொன்னார். வெள்ளைப்பூ விஷயத்தையும் சொன்னார். முன்சீட்டில் இருந்த லட்சுமணசாமி திரும்பிப் பார்த்து, கவலைப்படாதே, சாமி இடத்தில் இறங்கி ஒரு தரம் மந்திரித்துக்கொண்டு போகலாம் என்றார். ராமாமணிக்கும் அப்போதைக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மந்திரத்துக்காக இல்லை, வண்டி நிற்குமே என்று.

அன்றைக்குச் சாமி மடத்தில் அன்னதானம். அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஓடியது. பாயசம் இரண்டு தரம் வந்தது. நித்திரையை வென்ற இடத்தில் ஏன் இப்படிக் கனமாகச் சோறு போடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். தொண்டர்கள் சுவரோரம் சாய்ந்து கிடந்தார்கள். சாமியும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் திரைக்குப் பின்னால் யோகத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மர அறுப்பு மில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சாமி குறட்டை விடுகிறாரே என்று யாரோ ஒருவர் சொல்லப்போக, அது குறட்டை இல்லை, உள்நாதம் என்று பிரதம சீடர் திருத்தினார். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பந்தியில் ராமாமணிக்குப் பக்கத்தில் ராசாத்தாள் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவிநாசிப் பக்கம். அவள் புருஷன் காய்கறி வண்டி ஓட்டுகிறவர். வண்டி புளியமரத்தில் மோதி, காலில் கம்பி வைத்து, கட்டிலில் கிடக்கிறார். ஹோல்டர் தெற்கே பார்த்த குற்றத்துக்குப் பரிகாரம் செய்ய வந்திருந்தாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அன்றைக்குக் கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா என்று ராமாமணி கேட்டார்.

"கண்ணு எரியுதுன்னு சொன்னாருங்க அம்மணி. போகலைன்னு உக்காந்துட்டாரு. வெள்ளைப்பூ உளுந்திருக்குது, அப்புறம் என்னன்னு நாந்தானுங்க எழுப்பி அனுப்பிச்சுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுது முடித்து வெகு நாளானவள் மாதிரி சொன்னாள். ராமாமணி இலையை மூடினார். எழுந்து கை கழுவினார். வேனுக்குப் பக்கத்தில் டயர் மேல் தலை சாய்த்துக் கிடந்த ஆஸிமையும், அவரை எழுப்பப் போன தன் புருஷனையும் பார்த்தார். இந்த வண்டியில்தான் வயிற்றுப் பிள்ளையோடு ஹாரிகா மலை இறங்க வேண்டும்.

"ஏனுங்க, இந்த வண்டி இப்பக் கிளம்பாதுங்க" என்றார்.

லட்சுமணசாமி நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டார் காத்திருப்பார்கள் என்றார். கடைசியில் போனை எடுத்தார். ஆஸிமை நிமிர்த்திப் பட்டனை அழுத்தினார். வெள்ளைப்பூ. ராமாமணி அந்தப் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஆத்தாள் சரியாகச் சொல்கிறாளா என்று ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று மடத்துக்குள் நடந்தார். சும்மா இருந்த ஜனம் பின்னாலேயே வந்தது. சோறு தின்றாயிற்று, வேறு வேலை என்ன?

ராமாமணி நேராகத் திரையை விலக்கினார். சாமி மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. உள்நாதம் ஓங்கி ஒலித்தது. போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்தினார். ஆத்தாள் கண்ணைத் திறந்து, தூங்குகிற சாமியை ஏற இறங்கப் பார்த்து, வெள்ளைப்பூவைப் போட்டாள். தூக்கமில்லை, வண்டியை எடுக்கலாம்.

ஆட்டம் முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள். பக்தியை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

"பாத்தீங்களா?" என்றார் பிரதம சீடர். "சாமி தூங்கலை, யோகத்துலதான் இருக்காருன்னு ஆத்தாளே சொல்லிப்போட்டா."

கூட்டம் சிலிர்த்தது. இவ்வளவு நேரம் குறட்டை என்று சந்தேகப்பட்டவர்கள்கூட வெட்கப்பட்டார்கள். லட்சுமணசாமி மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

ராமாமணி சளைக்கவில்லை. காணிக்கைப் பணத்தில் புது மண்டபம் ஒன்று பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்பில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. சிவந்த நாக்கு, முறுக்கு மீசை, இரண்டு முட்டைக் கண். போனைப் பூசணிக்காய்க்கு எதிரே நீட்டினார். மணி அடித்தது. கண் திறந்தது. பூசணிக்காய்க்கும் வெள்ளைப்பூ விழுந்தது. வண்டியை எடுக்கலாம்.

இரண்டொரு டிரைவர்கள் சிரித்தார்கள். அவர்களை முதலாளிகள் முறைத்தார்கள். சீடர் ஒரு கணம்தான் தடுமாறினார். பூசணிக்காய் எங்கேயாவது தூங்குமா, கண்ணைத் திறந்துகொண்டுதானே இருக்கிறது, ஆத்தாள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்றார். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். கோழி லாரி முதலாளி ஒருவர் பூசணிக்காயைத் தொட்டுக் கும்பிட்டார். இப்படிப்பட்ட மூளைகளோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று ராமாமணிக்கு அங்கேதான் புரிந்தது. வாதாடுவதை விட்டார்.

சத்தத்தில் சாமி யோகம் கலைந்து எழுந்து வந்தார். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. ராமாமணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, ஒரே ஒரு வேண்டுதலுங்க. எம்பொண்ணு கட்டுச்சோத்துக்குக் கோத்தகிரி போறோம். நீங்களும் எங்ககூட வந்து ஆசீர்வாதம் பண்ணோணும். முன்சீட்டு உங்களுக்குத்தானுங்க."

சாமி முகம் மலர்ந்தது. வசதியான குடும்பம், மலைக்காற்று, மரியாதை. பக்தையின் விருப்பமே ஆத்தாளின் விருப்பம் என்று திருவாய் மலர்ந்தார். குடை பிடித்தார்கள். கூட்டம் வழிவிட்டது. சாமி வேனின் முன்சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எல்லாருக்கும் கை காட்டினார். லட்சுமணசாமிக்குப் புல்லரித்துவிட்டது. தன் வேனில் சாமி வருவதென்றால் சும்மாவா?

பிறகுதான் டிரைவர் சீட்டில் ஆஸிம் ஏறினார்.

அவர் நடிக்கவில்லை. நடிக்கிற தெம்பே அவருக்கு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தார், ஒரு கொட்டாவி விட்டார், சாவியை எடுத்துத் துவாரத்தைத் தேடினார். சாவி துவாரத்துக்குப் போகாமல் இரண்டு தரம் பக்கத்தில் உரசியது. மூன்றாவது தரம் தேடும்போது தலை மெல்லச் சரிந்து சாமியின் தோளில் சாய்ந்தது. சாமி சம்மணத்தைக் கலைத்தார்.

ராமாமணி ஜன்னல் வழியாகப் போனை நீட்டி, தோளில் சாய்ந்து கிடந்த ஆஸிமின் முகத்தில் காட்டினார். வெள்ளைப்பூ.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்க. போலாங்களா சாமி?"

சாமிக்குச் சட்டென்று ஒரு விரதம் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மலை ஏறுவதில்லையாம். அப்படியானால் மலை வேண்டாம், மேட்டுப்பாளையம் வரைக்கும் சமதளத்தில் வாருங்கள் என்றார் ராமாமணி. சாமிக்குப் பக்தர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லை. பக்தர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். சாமிக்கு வயிறு சரியில்லை. சோடா கொண்டுவந்தார்கள். இதற்குள் ஆஸிம் விழித்து, மன்னிச்சுக்குங்க சாமி என்று சொல்லிச் சாவியை ஒருவழியாகச் செருகிவிட்டார். என்ஜின் உறுமியது. உறுமிய என்ஜினோடு ஆஸிமின் இமை மறுபடியும் இறங்கியது.

சாமி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். ஒரு மாமாங்கத்துத் தவமும் மடத்துத் தமிழும் அந்தக் குதியில் உதிர்ந்தன. நின்றவர் காந்திபுரத்துக் கனகரத்தினம்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் என்னாச்சுங்க? அந்தப் பையன் கண்ணப் பாருங்க, கோவப்பழமாச் செவந்து கெடக்குது. ஆளு உக்காந்தபடியே தூங்கறான். இவன நம்பி எப்படீங்க வண்டியில ஏறறது? வேற டிரைவரப் போடுங்க."

என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ராமாமணி கையை உள்ளே விட்டு அதை அணைத்தார்.

"சாமி சொன்னத இன்னொருக்காச் சொல்லுங்க. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலை."

சாமி சொல்லவில்லை. தேவையும் இல்லை. முன்னால் நின்றவர்கள் பின்னால் சொல்ல, அது வாய்க்குவாய் ரோடு வரைக்கும் போனது. பிரதம சீடர் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. சாமிக்கே தூக்கம் தெரிகிறது, ஆத்தாளுக்குத் தெரியவில்லை என்பதை எந்த யோகத்தில் சேர்ப்பது?

ராமாமணி புருஷன் பக்கம் திரும்பினார். தெலுங்கு வரவில்லை. தமிழிலேயே, அதுவும் மெதுவாகச் சொன்னார்.

"இதையேதான் ஆஸிம் காத்தாலயிருந்து சொல்லிட்டிருக்குது. ஓட்டறவன் சொன்னாப் பொய்யி, ஏற மாட்டேன்னு குதிச்சு ஓடறவரு சொன்னா நெசமுங்களா? எம்பொண்ணு உங்களுக்கும் பொண்ணுதானுங்களே?"

லட்சுமணசாமி ஆஸிமைப் பார்த்தார். அவருக்கு வாழ்க்கையில் முதல் தரம் ஆஸிமின் கண் சிவப்பாகத் தெரிந்தது. போய்ப் படுத்துக்க தம்பி என்றார்.

கூட்டத்தில் இருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். எனக்கும் இன்றைக்குத் தூக்கம்தான், எனக்கும் வெள்ளைதான் விழுந்தது என்றார்கள். தங்கள் முதலாளிகளைப் பார்த்தே சொன்னார்கள். அந்தச் சாந்தி பூஜையில் சாமி என்ன செய்து கொடுத்தார் என்று ஒருவர் உரக்கக் கேட்டார். முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாதா என்ன? சிவப்பு விழாமல் செய்யத்தானே போனைக் கொடுத்தார்கள்?

ராசாத்தாள் பரிகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் சாமி முன்னால் போனாள்.

"எங்கூட்டுக்காரரு வண்டியில நீங்க ஏறியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

சாமி அவளைப் பார்க்காமல் உள்ளே திரும்பினார். அவள் விடவில்லை. அதே கேள்வியை மறுபடி கேட்டாள். தட்டிலிருந்த தேங்காய் உருண்டு சாமி காலடியில் போய் நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன்னைத்தான் திட்டிக்கொண்டு அழுதாள். ராமாமணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நீ வேண்டுமென்று அனுப்பவில்லை, ஏமாந்துபோனாய், இனிமேல் அவர் வாயால் சொல்வதைக் கேள் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாமி பின்வாசல் வழியாக ஒரு ஆட்டோவில் ஏறினார். ஏறுவதற்கு முன் ஆட்டோக்காரர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். போலீஸில் புகார் கொடுத்தார்கள். டிரைவர்கள் ஆத்தாளை அழித்தார்கள். போனை வீசி எறிய யாருக்கும் மனசு வரவில்லை, ஆப்பை மட்டும் அழித்தார்கள். எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்றும் நினைத்துவிடாதீர்கள். சாமியிடம் சக்தி இருந்தது உண்மை, அது நாலு சக்கரத்துக்கு மட்டும் வேலை செய்யாமல் போய்விட்டது என்று டூ வீலர் வைத்திருக்கும் ஒருவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆஸிம் அன்னதான மண்டபத்தில் படுத்தார். தூக்கத்தை வென்றவர் மடத்தில், சாமி விட்டுப்போன பாயிலேயே, அப்படி ஒரு தூக்கம். யாரும் அதை உள்நாதம் என்று சொல்லவில்லை. வேனில் வந்த பெண்கள் நல்ல நேரம் போயிற்றே என்று முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு தின்ன ஆரம்பித்தார்கள், முணுமுணுப்பு நின்றது. வெயில் தாழ்ந்த பிறகு ஆஸிம் எழுந்து முகம் கழுவி, டீ குடித்து, வண்டியை எடுத்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி பூப்போலத் திரும்பியது.

கோத்தகிரியில் சம்பந்தியம்மாள் வாசலிலேயே நின்றார். நல்ல நேரம் முடிந்து இவ்வளவு நேரம் கழித்தா வருவது என்று கேட்டார். ராமாமணி நடந்ததைச் சொன்னார். ஹாரிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. மறுநாள் பகலில், ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த ஆஸிம் அவளை மலை இறக்கிக் கொண்டுவந்தார்.

லட்சுமணசாமி அன்றோடு திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை, பயந்தார். ராமாமணி இப்போது தினமும் வண்டி ஷெட்டுக்கு வந்து உட்காருகிறார். ராத்திரி ஓட்டியவருக்குப் பகலில் சாவி கிடையாது. அந்தக் கம்பெனிக்காரரையும் மறுபடி கூப்பிட்டு, இமையைப் பார்த்துக் கத்துகிற கருவியை வேன்களில் மாட்டச் சொன்னார். கத்தினால் வண்டி நிற்கிறது, டிரைவர் தூங்குகிறார். கருவிக்கு எழுப்பத்தான் தெரியும், டிரைவருக்குப் பதிலாக அது தூங்கித் தராது. இதைப் புரிந்துகொள்ள லட்சுமணசாமிக்கு ஒரு சாமியார் குதிக்க வேண்டியிருந்தது.

உங்கள் வண்டியை ஓட்டுகிறவர் தூக்கம் வருகிறது என்று சொன்னால் போனைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். அதற்கு மந்திரம் வேண்டாம், பூ வேண்டாம். நம் இரண்டு கண்ணும் போதும். கண்ணுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறதே, வாங்கினபடியே பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறோமே, அதையும் கொஞ்சம் வெளியே எடுத்துப் பயன்படுத்தினால் தேயாது.